இழுவைக் குதிரைகள்: நீராவிக் காலத்தின் பிள்ளைகள்

கேட்டிருப்பது மூன்று விஷயம். ஷயர், பெர்ஷெரோன், பெல்ஜியன் போன்ற ஒரு டன் எடைக் குதிரைகள், இரும்புக் கவசம் பூண்ட ஐரோப்பிய வீரர்கள் ஏறிய போர்க்குதிரைகளின் வாரிசுகளா? சாதாரணக் குதிரைக்கும் இவற்றுக்கும் உடம்பில் என்ன வித்தியாசம்? இவை ஏன் நம் பக்கம் வந்து நிலைக்கவில்லை?

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை. கவசத்தின் பாரத்தைத் தாங்க மலை போன்ற குதிரை வேண்டியிருந்தது, துப்பாக்கி வந்ததும் வேலையிழந்த அந்தக் குதிரைகள் வயலுக்கு வந்தன என்ற கதை கேட்க நன்றாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஷயர் இனத்தை வளர்த்த வால்டர் கில்பி போன்ற பெரிய மனிதர்கள் அதை ஆர்வமாக எழுதிப் பரப்பினார்கள். வண்டிக் குதிரைக்கு அரச பரம்பரை கிடைத்தால் விற்பவருக்கு லாபம்தானே. எலும்புகள் வேறு கதை சொல்கின்றன. இங்கிலாந்தில் கி.பி. 300 முதல் 1650 வரையிலான காலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 2,000 குதிரை எலும்புகளை எக்ஸெட்டர் பல்கலைக்கழகக் குழு அளந்து 2021இல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலானவை தோள் உயரத்தில் 147 சென்டிமீட்டரைக்கூட எட்டவில்லை. இன்றைய கணக்கில் அது மட்டக்குதிரை. இன்று ஒரு ஷயர் பொலிகுதிரை 173 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தரமானதாக எண்ணமாட்டார்கள்.

எட்டாம் ஹென்றியின் சட்டமும் இதையே காட்டுகிறது. குதிரையை ‘கை’ கணக்கில் அளப்பார்கள். ஒரு கை நான்கு அங்குலம். நாட்டுக் குதிரைகள் சிறுத்துப்போகின்றன என்ற கவலையில், மேய்ச்சல் நிலம் வைத்திருக்கும் செல்வர்கள் குறைந்தது 13 கை உயரமுள்ள பெட்டைகளை வளர்க்க வேண்டும் என்று 1535இல் சட்டம் போட்டார்கள். 13 கை என்பது 132 சென்டிமீட்டர். அந்த உயரத்துக்கே ராஜா சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், ஊரில் நடமாடிய குதிரைகள் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் பண்ணிக்கொள்ளலாம்.

அப்படியானால் இந்தப் பெரிய உடம்பு எங்கிருந்து வந்தது? என் பார்வையில் அதை உருவாக்கியவை கழுத்து வளையம், ஓட்ஸ், நல்ல சாலை, கடைசியாக நீராவி. கடைசியாகச் சொன்னதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும்.

வளையத்திலிருந்து தொடங்குவோம். நம் மாட்டுக்குத் திமில் இருக்கிறது. கழுத்தின் மேல் நுகத்தடியை வைத்தால் திமிலில் முட்டி நிற்கும், மாடு அதைத் தள்ளிக்கொண்டு நடக்கும். குதிரைக்குத் திமில் கிடையாது. கழுத்து மேல்நோக்கி ஏறுகிறது, நுகம் அங்கே நிற்காது. பழங்காலத்தில் குதிரையின் தொண்டைக்கும் மார்புக்கும் குறுக்கே பட்டை கட்டி இழுக்க வைத்தார்கள். அது மூச்சை இறுக்கியதால்தான் பண்டைய குதிரை வண்டிகளால் கனத்த பாரம் ஏற்ற முடியவில்லை என்று பிரெஞ்சு ராணுவ அதிகாரி லெஃபெவ்ர் தெ நொயெத் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோதனை செய்து சொன்னார். வெகுகாலம் அதுவே பாடப்புத்தகச் செய்தியாக இருந்தது. 1970களில் அதே நாட்டைச் சேர்ந்த ஸ்ப்ருயித், பழைய சிற்பங்களில் உள்ளபடியே சேணம் செய்து பூட்டிப் பார்த்து, அது அவ்வளவு மோசமில்லை என்று காட்டினார். மூச்சுத் திணறல் கதையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும். ஆனாலும் தோள் எலும்பின் மேல் முழுசாகப் படியும், உள்ளே வைக்கோல் திணித்த கழுத்து வளையம் வந்த பிறகுதான் குதிரை தன் முழு எடையையும் சுமைக்கு எதிராகப் போட முடிந்தது என்பதில் சந்தேகமில்லை. சீனாவில் அது முன்பே இருந்தது. ஐரோப்பாவுக்கு 9, 10ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. 11ஆம் நூற்றாண்டில் துணியில் பூவேலையாகத் தைத்த பேயோ திரைச்சீலையின் ஓரத்தில், ஒரு குதிரை வளையம் மாட்டிக்கொண்டு பரம்பு இழுப்பதைப் பார்க்கலாம்.

வளையம் வந்ததும் எருதுகள் ஓய்வுபெற்றுவிடவில்லை. குதிரை வேகமாக நடக்கும், ஆனால் தானியம் கேட்கும். எருது புல்லிலும் வைக்கோலிலும் காலத்தை ஓட்டும். 13ஆம் நூற்றாண்டு ஆங்கில விவசாய எழுத்தாளர் ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு எருதின் பக்கமே நிற்கிறார்: கிழட்டுக் குதிரையில் மிஞ்சுவது தோல் மட்டும், கிழட்டு எருதையோ கொழுக்க வைத்துச் சாப்பிடலாம். ஓட்ஸ் தாராளமாக விளைந்த இடங்களில்தான் குதிரை ஏர் மெல்ல மெல்லப் பரவியது.

எடை கூடிய இடம் இன்றைய பெல்ஜியமும் நெதர்லாந்தும் சேர்ந்த ஈரக் களிமண் நாடு. செழித்த புல், கனத்த மண், அதை உழக் கனத்த மாடல்லாமல் கனத்த குதிரை. அங்கிருந்து பெட்டைகளை வாங்கி வந்து இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் கறுப்புக் குதிரைகளோடு சேர்த்தவர் ராபர்ட் பேக்வெல், 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற கால்நடை வளர்ப்பாளர். ஆடு, மாடு, குதிரை எதுவானாலும் வேண்டிய குணமுள்ளதை வேண்டிய குணமுள்ளதோடு, தேவைப்பட்டால் நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்து, உருவத்தை நிலைநிறுத்தும் முறையை ஒரு தொழிலாக்கியவர் அவர். ஷயர் இனத்தின் மூலப்புருஷன் என்று சொல்லப்படுவது அதே வட்டாரத்தில் 1755 முதல் 1770 வரை பொலிக்கு நின்ற ‘பேக்கிங்டன் குருட்டுக் குதிரை’. சஃபோக் பஞ்ச் இனத்திலோ கணக்கு இன்னும் துல்லியம்: இன்று உயிரோடிருக்கும் ஒவ்வொரு சஃபோக்கின் தந்தைவழியும் 1768இல் பிறந்த கிறிஸ்ப் என்பவரின் ஒரே குதிரையில் போய் முடிகிறது.

இழுவைக் குதிரையின் பலம் என்பதில் பாதி சாலையின் பலம். பழைய பொறியாளர்களின் கணக்கு ஒன்று உண்டு. ஒரு குதிரை முதுகில் சுமந்தால் சுமார் 125 கிலோ. சேறான மண் சாலையில் வண்டி இழுத்தால் 600 கிலோ சொச்சம். மெக்கடம் முறையில் கல் பரப்பிய சாலையில் 2 டன். கால்வாயில் படகைக் கரையிலிருந்து இழுத்தால் 50 டன். குதிரை ஒன்றுதான்; எதிர்ப்பு குறையக் குறையச் சுமை ஏறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் கால்வாயும் சுங்கச் சாலையும் பரவியபோதுதான் கனத்த குதிரைக்குச் செலவழிப்பது முதன்முறையாக லாபமாயிற்று. குண்டும் குழியுமான தடத்தில் ஒரு டன் குதிரை வெறும் தீனிச் செலவு.

ஜேம்ஸ் வாட் 1780களின் தொடக்கத்தில் குதிரைத் திறனை வகுத்ததும் இதே உலகத்தில்தான். 12 அடி ஆரமுள்ள செக்கு போன்ற சக்கரத்தை மணிக்கு 144 முறை சுற்றும் ஆலைக் குதிரை 180 பவுண்டு விசையோடு தள்ளுகிறது என்று வைத்து, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று முழுமையாக்கினார். நல்ல இழுவைக் குதிரை தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையோடு நாள் முழுக்க இழுக்கும் என்பது நடைமுறை விதி. 800 கிலோ குதிரை, 80 கிலோ இழுப்பு, மணிக்கு 4 கிலோமீட்டர் நடை என்று பெருக்கிப் பாருங்கள். 870 வாட் வரும், ஒரு குதிரைத் திறனுக்குக் கொஞ்சம் மேலே. வாட்டின் எண் பொய்யில்லை. ஆனால் சில விநாடிகளுக்கு மூச்சைப் பிடித்து இழுத்தால் கதை வேறு. 1925இல் அயோவா மாநிலக் கண்காட்சியில் நடந்த இழுவைப் போட்டியின் அளவுகளை வைத்து, உச்சத்தில் ஒரு குதிரை 14.9 குதிரைத் திறன் வரை காட்டியது என்று 1993இல் இரண்டு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் கணக்கிட்டார்கள். சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளப்பும் அந்த உந்து வேகத்துக்குத்தான் முதலாளிகள் பெரிய குதிரையைத் தேடினார்கள்.

இனி நீராவி. ரயில் வந்ததும் குதிரை ஒழிந்தது என்றுதான் நினைப்போம். நடந்தது நேர்மாறு. ரயில் ஊருக்கு ஊர் மலைபோல் சரக்கைக் கொண்டுவந்து நிலையத்தில் கொட்டியது. அங்கிருந்து கடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் கொண்டு போக என்ன வழி? குதிரை வண்டிதான். ரயில் கம்பெனிகளே பெரிய குதிரை முதலாளிகள் ஆயின. பெட்டிகளை மாற்றிக் கோக்கவும் குதிரையையே வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் ரயில்வேயில் பெட்டி தள்ளிய கடைசிக் குதிரை சார்லி, நியூமார்க்கெட்டில் ஓய்வுபெற்றது 1967இல். மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில்!

பெர்ஷெரோனின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். பிரான்ஸில் நார்மண்டியை ஒட்டிய பெர்ஷ் வட்டாரத்தில் அது முதலில் தபால் வண்டிக் குதிரை. துரிதமாக ஓடும், நடுத்தர உடல். ரயில் தபால் வண்டியை விழுங்கிய பிறகு, பாரிஸின் குதிரைப் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் இன்னும் கனமானதைக் கேட்டன. கூடவே அமெரிக்க வியாபாரிகள் பணப்பையோடு வந்தார்கள், அவர்களுக்கும் கனம்தான் வேண்டும். சில பத்தாண்டுகளில் உடம்பு மாறியது. ஷயர், கிளைடஸ்டேல், சஃபோக், பெர்ஷெரோன் இனச் சங்கங்களும் பதிவேடுகளும் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள்: எல்லாம் 1876க்கும் 1883க்கும் இடையே. கோட்டையும் கவசமும் இருந்த காலமல்ல அது. தந்தியும் இரும்புப் பாலமும் வந்துவிட்ட காலம். பெட்ஃபோர்ட்ஷயரில் 1846இல் பிறந்த சாம்ப்சன் என்ற ஷயர்தான் பதிவான குதிரைகளில் மிக உயரமானது. சுமார் 219 சென்டிமீட்டர், ஒன்றரை டன். அதுவும் ரயில் யுகத்துப் பிள்ளை.

நகரங்கள் இந்தக் குதிரைகளை எந்த அளவு நம்பியிருந்தன என்பதை 1872 காட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கனடாவின் டொராண்டோ பக்கம் குதிரைக் காய்ச்சல் கிளம்பி, சில மாதங்களில் வட அமெரிக்கா முழுக்கப் பரவியது. செத்தவை குறைவு, ஆனால் எழுந்து நிற்க முடியாமல் இருமிக்கொண்டு கிடந்தவை ஏராளம். டிராம் நின்றது, நிலக்கரி வண்டி நின்றது. நிலக்கரி இல்லாமல் ரயிலும் திண்டாடியது. நவம்பர் 9 அன்று பாஸ்டனில் தீப்பிடித்தபோது, நீராவித் தீயணைப்பு இயந்திரங்களை மனிதர்கள் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். 776 கட்டடங்கள் எரிந்தன. எண்ணெய் நெருக்கடி என்று நாம் பேசுவதற்கு ஒரு நூறாண்டு முந்தைய பதிப்பு.

இரண்டாவது கேள்வி, உடம்பு. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: குதிரை வண்டியை இழுப்பதில்லை, கழுத்து வளையத்தைத் தள்ளுகிறது. பின்னங்கால்கள் தரையை உதைக்கின்றன, உடல் முன்சாய்ந்து எடையை வளையத்தில் போடுகிறது. அதற்கேற்றபடிதான் எல்லா உறுப்பும். பந்தயக் குதிரைக்குத் தோள் சரிந்திருக்கும், கால் நீட்டி ஓட அது உதவும். இழுவைக் குதிரைக்குத் தோள் நிமிர்ந்திருக்கும், வளையம் தட்டையாக உட்கார அதுவே வசதி. முதுகு குட்டை, இடுப்பும் தொடையும் அகலம், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு குட்டை, தடிமன். எடை என்பது சும்மா பாரம் அல்ல, தரைப்பிடிப்பு. இழுப்புக் கயிறு சுமையிலிருந்து தோளை நோக்கிச் சற்று மேலேறிப் போவதால் இழுக்கும்போது குதிரை இன்னும் தரையில் அழுந்துகிறது. பந்தயக் குதிரை 500 கிலோ சுமார். இவை 700 முதல் 1,000 கிலோ, சில அதற்கும் மேல்.

குணம் அதைவிட முக்கியம். சந்தடி மிக்க தெருவில் பீப்பாய் உருளும், சங்கிலி அறுபடும், பக்கத்தில் இயந்திரம் சீறும். ஒவ்வொன்றுக்கும் துள்ளினால் ஒரு டன் மிருகத்தை யாராலும் அடக்க முடியாது. பல தலைமுறைகளாகத் துள்ளுவதை ஒதுக்கி, நிதானத்தைத் தேர்ந்தெடுத்தே இனம் வளர்த்திருக்கிறார்கள். இந்தச் சாதுத்தனம் பயிற்சியால் மட்டும் வந்ததல்ல.

கால் சடையைப் பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். ஷயர், கிளைடஸ்டேல் கால்களில் தொங்கும் அந்த வெள்ளை மயிர் கண்காட்சிக்கு அழகு, வேலைக்குத் தொல்லை. சேறு ஒட்டும், ஈரம் காயாது, தோலில் பூச்சி குடியேறும். கனத்த களிமண்ணில் உழும் சஃபோக் பகுதி விவசாயிகள் மயிரில்லாத காலையே விரும்பினார்கள். அவர்களுடைய சஃபோக் பஞ்ச் எப்போதும் செம்பழுப்பு, கால் சுத்தம், உடம்பு உருளை. என்னைக் கேட்டால் இனங்களிலேயே மிக அறிவோடு செய்யப்பட்டது அதுதான். பரிசுக் கோப்பைக்காகச் சடையையும் உயரத்தையும் துரத்தியதன் கூலி இன்றும் தெரிகிறது: ஷயர், கிளைடஸ்டேல், பெல்ஜியன் இனங்களில் கால் வீங்கித் தடித்துப்போகும் நிணநீர் நோய் உண்டு, அதற்கு முழுத் தீர்வு இல்லை. பெல்ஜியனிலும் பெர்ஷெரோனிலும் தசையில் சர்க்கரைச் சத்து தாறுமாறாகச் சேரும் மரபணுக் கோளாறு பரவலாக இருக்கிறது. வண்டிக்காரர்களுக்கு அதன் அறிகுறி எப்போதோ தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேலையில்லை, ஆனால் தீனி மட்டும் வழக்கம்போல். திங்கட்கிழமை காலை பூட்டினால் கொஞ்ச தூரத்தில் பின்தொடை மரக்கட்டையாகி நின்றுவிடும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறை என்ற அன்றைய பக்குவம் இன்றைக்கும் செல்லும்.

சரிவு வேகமாக வந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டன் முதல் 12 நாட்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை உள்நாட்டிலேயே கட்டாயமாக வாங்கியது; பண்ணைகளும் வண்டிக் கொட்டகைகளும் காலியாயின. எல்லாத் தரப்பிலுமாகப் போரில் இறந்தவை 80 லட்சம் என்பது பொதுவான மதிப்பீடு. அமெரிக்காவில் அதே காலத்தில் குதிரையும் கோவேறு கழுதையுமாக 2.6 கோடிக்கு மேல் இருந்தன. சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவற்றின் தீனிக்கே போனது. 1917இல் ஃபோர்ட்சன் டிராக்டர் வந்தது. அது வேலையில்லாத நாளில் தின்னாது என்ற ஒன்றே விவசாயிக்குப் போதுமான வாதம். 1954 வாக்கில் அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர்களின் எண்ணிக்கை குதிரைகளைத் தாண்டிவிட்டது. இங்கிலாந்தில் 1966இல் பதிவான சஃபோக் குட்டிகள் மொத்தமே ஒன்பது.

அப்படியும் அழியவில்லை. அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் சமயக் கட்டுப்பாட்டால் வயலில் டிராக்டரை இறக்குவதில்லை. அவர்கள் ஆறு, எட்டு என்று பெல்ஜியன்களை வரிசையாகப் பூட்டி உழுகிறார்கள். இன்று அந்த நாட்டில் வேலை செய்யும் இழுவைக் குதிரை மிஞ்சியிருப்பதற்குப் பெரிய காரணம் அவர்கள்தான். ஐரோப்பியக் காடுகளில் இயந்திரம் மண்ணை நசுக்கும் இடங்களில் ஆர்டென் குதிரைகள் மரம் இழுக்கின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒபிஹிரோ என்ற ஊரில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை: பெர்ஷெரோன், பெல்ஜியன், பிரெத்தோன் கலப்புக் குதிரைகள் ஒரு டன் வரை எடை ஏற்றிய இரும்புச் சறுக்கு வண்டியை 200 மீட்டர் இழுக்கும் பந்தயம். நடுவில் இரண்டு மேடுகள். மேட்டுக்கு முன்னால் குதிரையை நிறுத்தி மூச்சு வாங்கவிடுவதுதான் ஓட்டியின் சாமர்த்தியம். நின்று நின்று போகும் பந்தயத்துக்கும் சூதாட்டக் கூட்டம் கத்துகிறது.

கடைசிக் கேள்வி. நம் நெல் வயலில் இந்தக் குதிரையை இறக்கினால் என்ன ஆகும்? ஒற்றைக் குளம்பு சேற்றில் உறிஞ்சிப் பிடிக்கும். மாட்டின் பிளந்த குளம்பு விரிந்து ஊன்றி, சுருங்கி வெளியே வரும். உடல் பெருக்கப் பெருக்க எடை ஏறும் அளவுக்குத் தோல்பரப்பு ஏறாது, ஆகவே உள்ளே உண்டாகும் சூடு வெளியேறுவது கடினம். கத்திரி வெயிலில் ஒரு டன் குதிரையை வேலை வாங்குவது அதைக் கொல்வதற்குச் சமம். தீனியோ தானியம். நம் காளைக்கு வைக்கோல் போதும், நுகத்துக்குத் திமில் இருக்கிறது, வெயில் பழக்கம். மாற்றிக்கொள்ளக் காரணமே இல்லை. ஊருக்குள் ஆள் ஏற்ற ஜட்காவுக்கு மட்டக்குதிரை போதுமாயிருந்தது.

கனத்த இழுவை தேவைப்பட்ட ஒரே இடம் பட்டாளம். அதற்கும் வெள்ளைக்காரர்கள் ஷயரைக் கொண்டுவரவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து, வெயிலுக்குப் பழகிய, 500 கிலோ அளவிலான ‘வேலர்’ குதிரைகளைக் கப்பலில் இறக்கினார்கள். 1830களில் மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் சூழக் குதிரைகளைக் கரையேற்றும் காட்சியை அக்கால ஓவியம் ஒன்று காட்டுகிறது. பெரிய குதிரை ஒன்று செய்யும் வேலைக்குச் சிறிய குதிரைகள் பலவற்றைக் கட்டுவது என்பதே இங்கே எடுத்த முடிவு: ஒரு பீரங்கி வண்டிக்கு மூன்று சோடி, ஒவ்வொரு சோடியிலும் இடதுபக்கக் குதிரை மேல் ஒரு சிப்பாய்.